கார்ப்பரேஷன் பூங்காவில் வேலி போட்ட நாய்த் திடல் வாங்குவது எப்படி: மனு முதல் மழைக்காலம் வரை

வளர்ப்பு நாயை லீஷ் இல்லாமல் ஓடவிட ஊருக்குள் ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் இறங்குகிறார்கள். முதலில் வாட்ஸ்அப் குரூப், அடுத்து ஆன்லைனில் கையெழுத்து, அப்புறம் கவுன்சிலர் வீட்டு வாசல். அதோடு நின்றுவிடும். "பார்க்கலாம்" என்று ஒரு பதில் வரும், அதற்குள் நடைப்பயிற்சிக் குழுவிலிருந்து எதிர்ப்பு மனு ஒன்று போய்ச் சேர்ந்திருக்கும்.

இதில் வரிசை முக்கியம். வேலி கடைசியாக வருகிற வேலை, அதற்கு முன் முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன்; கோவை, மதுரைக்காரர்கள் அலுவலகப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும்.

1. முதலில் நாய்களை எண்ணுங்கள், உரிமம் எடுக்க வையுங்கள்

கையெழுத்து வாங்குவதற்கு முன் உங்கள் பகுதியில் எத்தனை வளர்ப்பு நாய்கள், எந்தத் தெருவில், என்ன இனம், உரிமம் இருக்கிறதா, ரேபிஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "நிறைய பேர் நாய் வளர்க்கிறோம் சார்" என்று போய் நின்றால் எந்த அலுவலகத்திலும் அடுத்த கேள்வி "எத்தனை நாய்க்கு லைசென்ஸ் இருக்கு?" என்பதுதான். அங்கே தடுமாறினால் பேச்சு திடலை விட்டுவிட்டு உங்கள் மேலேயே திரும்பிவிடும்.

2025 இறுதியில் சென்னை மாநகராட்சி மைக்ரோசிப்போடு கூடிய உரிமத்தைக் கட்டாயமாக்கி, இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. கெடுவைச் சில முறை நீட்டித்ததும் நடந்தது. அப்போது உரிமக் கட்டணம் வெறும் 50 ரூபாய்தான், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று அவசியம். குழுவில் இருக்கிற எல்லாரும் இதை முடித்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். உரிமம் இல்லாத ஒரே ஒருவர் குழுவின் முகமாக நின்றாலும் எதிர்ப்பவர்களுக்கு அது போதும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றுக்குள்ளேயே ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் இன நாய்கள் கடித்துக் குதறின. நீங்கள் பார்க்கப்போகிற ஒவ்வொரு அதிகாரிக்கும் அது ஞாபகம் இருக்கும். அதைத் தொடாமல் சுற்றி வளைத்துப் பேசாதீர்கள். அவிழ்த்துவிட வேலி போட்ட தனி இடம் இல்லாததால்தான் சிலர் விடியற்காலையில் யாரும் பார்க்காத நேரத்தில் பூங்காவுக்குள்ளேயே அவிழ்த்துவிடுகிறார்கள், அதை நிறுத்தத்தான் வேலி கேட்கிறோம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

2. பூங்கா யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. நம் தெருமுனைப் பூங்கா மாநகராட்சியுடையதாக இருக்கலாம், வீட்டு வசதி வாரியத்துடையதாக இருக்கலாம், தோட்டக்கலைத் துறையுடையதாக இருக்கலாம். மனைப்பிரிவு போட்டபோது திறந்தவெளிக்கென்று தானப் பத்திரம் எழுதி ஒப்படைத்த ஓ.எஸ்.ஆர். நிலமாகவும் இருக்கலாம். ஓ.எஸ்.ஆர். நிலம் பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு மட்டுமே. அதனால் "எங்களுக்கு மட்டும்" என்ற தொனியில் கேட்டால் முதல் பக்கத்திலேயே அடிபடும். பூங்காவுக்குள் இன்னொரு பொது வசதி என்று கேட்க வேண்டும், குழந்தைகளுக்கு ஊஞ்சல் பகுதி இருப்பது மாதிரி.

உரிமை யாருக்கு, மொத்தப் பரப்பு எவ்வளவு, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், எப்போது முடிகிறது: இந்த நான்கு கேள்விகளோடு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்டிஐ மனு அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் என்பதால் இதை மட்டும் உரிம வேலை முடியக் காத்திராமல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். ஒப்பந்த முடிவுத் தேதி எதற்கு என்றால், நடப்பு ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை ஒப்பந்ததாரர் செய்யமாட்டார், புது ஒப்பந்தம் போடும்போது திடலைத் துப்புரவு செய்வதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லலாம்.

3. நாய் இல்லாதவர்களிடம் பேசுங்கள், அதுவும் கவுன்சிலருக்கு முன்னால்

பெரும்பாலானவர்கள் வழுக்குவது இங்கேதான். நாய்ப் பிரியர்கள் கூடிப் பேசி, நாய்ப் பிரியர்களிடமே கையெழுத்து வாங்கி, அதை மக்கள் கோரிக்கை என்று கொடுக்கிறார்கள். பூங்காவை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் யார்? காலையில் எட்டுப் போடுகிற பெரியவர்கள், சாயங்காலம் பேரக்குழந்தையோடு வருகிற பாட்டிமார்கள், யோகா குழு, சறுக்குமரத்தை விட்டு இறங்காத பிள்ளைகளின் அம்மாக்கள். இவர்களில் பாதிப்பேருக்கு நாயைக் கண்டால் பயம், அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு.

வேலி அவர்களுக்கும் வேண்டியதுதான். இதைச் சொல்லி விளக்குவதைவிடக் கேட்பது நல்லது. "எந்த நேரத்தில் நாய் தொந்தரவு, எந்தப் பக்கத்தில்?" என்று கேட்டு அதையும் அதே நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் வருகிற புகார்கள் மூன்று: நடைபாதையில் மலம், லீஷ் இல்லாமல் ஓடிவந்து மேலே ஏறுவது, குரைப்பு. முதல் இரண்டுக்கும் திடல் நேரடியான பதில். குரைப்புக்கு அப்படி இல்லை, திடல் வந்தால் குரைப்பு ஒரே இடத்தில் சேரும். அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, இரவு எத்தனை மணிக்கு மூடுவது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். பூங்காவையே வீடாகக் கொண்ட தெருநாய்கள் இருந்தால், திடல் வந்ததும் தங்கள் நாய்களைத் துரத்திவிடுவார்கள் என்று அவர்கள் பயப்படுவார்கள். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வெறிநோய் உள்ளவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் தவிர மற்றவற்றை அப்படித் திரும்ப விடலாம் என்றும், சோறு வைக்க வார்டுதோறும் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. திடலும் சோறு வைக்கும் இடமும் ஒட்டி இருக்கக் கூடாது. ஒட்டி இருந்தால் வேலிக்கு இருபுறமும் நின்று நாள் முழுக்கச் சண்டைதான்.

விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலை அச்செடுத்துக்கொண்டு போய் நீட்டுகிறவர்கள் உண்டு. பூங்காவில் நாய்க்குத் தடை போடுவது சரியில்லை என்கிற கருத்து அதில் இருக்கிறதுதான், ஆனால் அது குடியிருப்போர் சங்கங்களை நோக்கி எழுதியது. அதை எடுத்த எடுப்பில் ஆயுதமாக நீட்டினால் எதிரே இருப்பவர் சட்டம் பேச ஆரம்பித்துவிடுவார், உங்களுக்குத் தேவை சம்மதம்.

4. மூலையைத் தேர்ந்தெடுங்கள்

பூங்காவின் படத்தைக் கையால் வரைந்துகொண்டு காலை, மாலை, ஒரு மழைக்குப் பின் என மூன்று வேளை போய்ப் பாருங்கள். மழைக்குப் பின் பார்ப்பது மிக முக்கியம். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தைத்தான் பொதுவாக "சும்மா கிடக்கிற இடம்" என்று காட்டுவார்கள். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். அந்த இடத்தை ஒதுக்கினால் வேண்டாம் என்று சொல்கிற துணிவு வேண்டும்.

சாலையிலிருந்து நேரே உள்ளே வர வாசல் வைக்கக்கூடிய ஓரம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. நாய் நடைபாதையைக் கடக்காமலே திடலுக்குள் போய்விடும், எதிர்ப்பில் பாதி அங்கேயே அடங்கிவிடும். குழந்தைகள் விளையாடும் பகுதிக்கு எதிர்க்கோடி, நிழல் தரும் மரம், குழாய் இணைப்பு எட்டும் தூரம், இவையெல்லாம் அடுத்து.

அளவு? ஹைதராபாத் கொண்டாப்பூரில் மாநகராட்சி அமைத்த நாய்ப் பூங்கா 1.3 ஏக்கர், குப்பை கொட்டிக்கிடந்த நிலத்தைச் சீர்செய்தது. நம் தெருப் பூங்காவில் அதெல்லாம் நடக்காது. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி கிடைத்தால் பெரிய நாய், சின்ன நாய் என்று பிரிக்கலாம். ஒரு கிரவுண்டுதான் என்றால் பிரிக்காதீர்கள், நேரத்தைப் பிரியுங்கள். அதற்கும் கீழே என்றால் வேறு பூங்கா பார்ப்பது உத்தமம். நெருக்கடியான கூண்டில் நாய்கள் ஓடாது, மோதிக்கொள்ளும்.

5. மனு ஒரு பக்கம், கூடவே ஒரு படம்

நீளமான மனுவை யாரும் படிப்பதில்லை. ஒரு பக்கத்தில் இவ்வளவு போதும்: எந்தப் பூங்கா, எந்த மூலை, எத்தனை உரிமம் பெற்ற நாய்கள், நாய் இல்லாத எத்தனை பேர் சம்மதித்திருக்கிறார்கள், பராமரிப்பில் குழு எதைச் செய்யும், மாநகராட்சி எதைச் செய்ய வேண்டும். பின்பக்கம் படம். "நாய்கள் அன்பானவை" வகையறா பத்திகளை எடுத்துவிடுங்கள்.

கொடுக்கும் வரிசை: முதலில் வார்டு உதவிப் பொறியாளரைப் பார்த்து அந்த இடத்தில் கேபிள், குடிநீர்க் குழாய், வேறு ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் முடியாது என்று சொல்கிற இடத்துக்கு கவுன்சிலர் சரி என்று சொல்லிவிட்டால் பின்னால் இருவருக்கும் சங்கடம், உங்கள் கோப்பு நடுவில் மாட்டிக்கொள்ளும். அடுத்து கவுன்சிலர். அதற்கு அடுத்து பகுதி சபைக் கூட்டம், அதாவது வார்டுக்குள் அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம். அங்கே நாய் வளர்க்காத ஒருவர் எழுந்து பேசினால் அதற்குக் கிடைக்கிற மதிப்பே தனி. பிறகுதான் மண்டல அலுவலகம். எங்கே கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் எண் எடுத்துவைத்துக்கொள்வது பின்னால் தொடர உதவும்.

6. பணம்

மூன்று வழிகள் இருக்கின்றன. கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி, தனியார் நிறுவனம் பூங்காவைத் தத்தெடுப்பது, 'நமக்கு நாமே' திட்டம். கடைசியாகச் சொன்ன திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மிச்சத்தை அரசு போடும். பூங்கா வேலைகளுக்கும் இது பொருந்தும். சொந்தக் கைக்காசு போட்டவர்கள் திடலைக் கவனித்துக்கொள்வார்கள் என்பதால் எனக்கு இந்த வழியே பிடிக்கும், தாமதம் அதிகம்தான் என்றாலும். தத்தெடுப்பில் ஒரு சிக்கல்: நிறுவனத்துக்கு விளம்பரப் பலகையும் புகைப்படமும் வேண்டும், மூன்றாம் வருடம் கதவுக் கொண்டி உடைந்தால் யாரும் போனை எடுக்கமாட்டார்கள். பராமரிப்புக் காலத்தை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

7. வேலி, கதவு, தரை: எஸ்டிமேட் போடும்போதே உட்கார்ந்து சொல்ல வேண்டியவை

பொறியாளருக்குப் பூங்கா வேலி தெரியும், நாய் வேலி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எஸ்டிமேட் தயாரானபின் மாற்றச் சொன்னால் கோப்பு மறுபடி முதலிலிருந்து சுற்றும்.

*உயரம்.* நான்கடி வேலி லாப்ரடாருக்குப் போதும். நம் ஊர்க் கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டப் பழக்கிய இனங்கள், அணில் ஓடியது என்றால் நான்கடியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆறடி கேளுங்கள், ஐந்துக்குக் கீழே இறங்காதீர்கள். வேலி ஓரத்தில் உள்பக்கமாக பெஞ்ச் போட்டால் அதுவே படிக்கட்டு ஆகிவிடும், அதையும் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

*அடிப்பகுதி.* வலையை மண்ணோடு விட்டால் ஒரு வாரத்தில் தோண்டி வெளியே வந்துவிடும். சுற்றிலும் கான்கிரீட் கட்டை போட்டு அதில் வலையைப் பதிக்க வேண்டும். வலைக்கண் சின்னதாக இருக்கட்டும். பொமரேனியன் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். அறுத்த கம்பி முனைகள் வெளிப்பக்கமாக மடிந்திருந்தால் குழந்தைகளின் கையைக் கிழிக்கும், உள்பக்கம் என்றால் நாயின் கண். மேலும் கீழும் குழாயில் கட்டி மூடச் சொல்லுங்கள்.

*கதவு.* இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். வெளிக்கதவு, நடுவில் இரண்டு பேரும் இரண்டு நாய்களும் நிற்கிற அளவு சின்ன அடைப்பு, அப்புறம் உள்கதவு. இரண்டும் தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஒரே கதவு என்றால் ஒருவர் உள்ளே வருகிற நேரத்தில் இன்னொருவர் நாய் சாலைக்கு ஓடும். செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது இந்த இரண்டாவது கதவைத்தான், அப்போது "இரண்டாவது கதவு இல்லையென்றால் வேலியே வேண்டாம்" என்று சொல்கிற அளவுக்குப் பிடிவாதமாக இருங்கள். இடம் இருந்தால் எதிர்ப்பக்கம் இன்னொரு வாசலும் கேளுங்கள். ஒரே வாசலில் எல்லா நாய்களும் கூடி நின்று புதிதாக வருகிறதை முகர்ந்து நெருக்கும்போதுதான் பெரும்பாலான சண்டைகள் தொடங்கும்.

*தரை.* கொரியன் புல் அழகு, நாய் ஓடினால் நிற்காது. அருகம்புல் தாங்கும். வாசலருகே எந்தப் புல்லும் தாங்காது, அங்கே கூழாங்கல்லோ மணலோ போட்டுவிடுங்கள். செயற்கைப் புல் விரிக்கலாம் என்று யாராவது சொன்னால் சித்திரை மாத மதியத்தில் அதன்மேல் அவர்களை வெறுங்காலில் நிற்கச் சொல்லுங்கள்.

*செடி.* இருக்கிற செடிகளைப் பார்த்துவிட்டுத்தான் வேலிக் கோட்டை இறுதி செய்ய வேண்டும். பூங்காக்களில் அழகுக்கு வைக்கிற அரளி, சைக்கஸ் இரண்டுமே நாய்க்கு நஞ்சு. எலி மருந்து வைக்கும் இடங்களையும் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பலகையில் எழுத வேண்டியவை

நீளமான பலகை வேண்டாம். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைக் குழுவில் இருப்பவர்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வாக்குவாதத்திலேயே விதி போய்விடும்.

லீஷை அவிழ்ப்பது இரண்டு கதவுக்கு நடுவில் உள்ள அடைப்பில். கட்டிய நாய் மற்றவை சூழும்போது தப்ப முடியாமல் பயந்து கடிக்கும், அதனால் உள்ளே போனபிறகு எந்த நாயும் லீஷில் இருக்கக் கூடாது. தின்பண்டமும் பந்தும் கூட்டமாக இருக்கும்போது கூடாது. வெளியே சாதுவாக இருக்கிற நாய்கூடப் பிஸ்கட்டைக் காக்கும். ஹீட்டில், அதாவது இணை சேரும் பருவத்தில், இருக்கும் பெண் நாய் சுமார் மூன்று வாரம் வரக் கூடாது. தடுப்பூசி வரிசை முடியாத குட்டிகள், அதாவது ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும்வரை, வரவே கூடாது. குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயைத் தருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நேற்று வந்துபோன நோயாளி நாய் இன்று அங்கே இல்லாவிட்டாலும் குட்டிக்கு வரும். சின்னப் பிள்ளைகளைத் திடலுக்குள் கூட்டிவரக் கூடாது, நாய் கடிக்கும் என்பதைவிட ஓடுகிற வேகத்தில் தள்ளிவிடும் என்பதற்காக.

கடைசி வரியாக, நாய்க்குப் பொறுப்பு உரிமையாளரே என்று எழுதுங்கள். கவனக்குறைவால் ஆபத்து உண்டானால் பாரதிய நியாய சம்ஹிதையின் 291ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திடலுக்குள் நடந்தால் விலக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி எதுவும் கிடையாது.

9. திறந்த பிறகு முதல் மாதம்

திறப்பு விழாவுக்கு எல்லா நாயையும் ஒரே நேரத்தில் கூட்டிவராதீர்கள். ரிப்பன், மைக், கூட்டம், முன்பின் தெரியாத இருபது நாய்கள். மறுநாள் செய்தி கடிபட்டவரைப் பற்றித்தான் இருக்கும். முதல் வாரம் நான்கைந்து நாய்கள், அதுவும் ஒன்றையொன்று வெளியே லீஷில் பார்த்துப் பழகியவை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வராத நாயை ஆளில்லாத நேரத்தில் கூட்டிவந்து பழக்குங்கள்.

காலையும் மாலையும் குழுவில் ஒருவர் முறை வைத்து நிற்க வேண்டும். அவர் வேலை போனைப் பார்க்காமல் இருப்பது, மற்றவர்களையும் பார்க்கவிடாமல் இருப்பது.

சண்டை வந்தால் காலரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கை போய்விடும். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முடியவில்லை என்றால் இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் அவரவர் நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். மனிதருக்குக் கடிபட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். திடலில் ஒரு குழாயும் சோப்பும் எப்போதும் இருப்பதற்கு இதுவே காரணம்.

10. மலம், வெயில், மழை, தீபாவளி

மலத்தை அன்றன்றே எடுப்பது நாற்றத்துக்காக மட்டும் என்று நினைக்கிறார்கள். உருளைப்புழு முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும், அதற்கு முன் எடுத்துவிட்டால் தொற்றுச் சங்கிலி அறுந்துவிடும். கொக்கிப்புழு இன்னும் வேகம், அதனால் அன்றைக்கே. அள்ளியதைப் பூங்காவின் உரக்குழியில் போடாதீர்கள், அந்த உரம் பூச்செடிக்கும் குழந்தைகள் உட்காரும் புல்லுக்கும் போகும். மூடியுள்ள தனித் தொட்டி வைத்து, அதை எந்த வண்டி எடுக்கும் என்று துப்புரவு ஆய்வாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தூய்மைப் பணியாளர் கையால் அள்ளுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம், அவர் மறுத்தால் நியாயம் அவர் பக்கம்தான்.

கோடையில் காலை ஒன்பதுக்கு மேல், மாலை ஐந்துக்கு முன் திடலைப் பூட்டுங்கள். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்கள் வெயிலில் பத்து நிமிடம் ஓடினாலே சுருண்டுவிடும். உண்ணிக்கு மாதம் ஒருமுறை புல்லை ஒட்ட வெட்டுவதும் நாய்களுக்குத் தவறாமல் உண்ணி மருந்து போடுவதும் போதும். திடலில் பூச்சிக்கொல்லி தெளித்தால் அதை நாய்தான் நக்கும். கொசுப்புகை அடிக்கும் நாள்களை வார்டு அலுவலகத்தில் கேட்டு அன்று திறக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கினால் வடிந்து காயும்வரை மூடல், யார் கெஞ்சினாலும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் வெடிச்சத்தம் ஓயும்வரை மூடல். மிரண்ட நாய்க்கு ஆறடியும் உயரமில்லை. மூடும் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் மட்டும் போடாமல் வாசலிலும் ஒட்டுங்கள், சாவி காவலாளியிடம் ஒன்று, குழுவில் ஒருவரிடம் ஒன்று. மழைக்காலம் முடிந்ததும் திறப்பதற்கு முன் கட்டையைச் சுற்றி நடந்து மண் அரித்த இடங்களை அடைத்து, கதவு இரண்டும் தானாக மூடுகிறதா என்று தள்ளிக் கையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திறங்கள். துரு முதலில் பிடிப்பது கதவு ஸ்பிரிங்கில்தான்.